வெறும் நூல்

"இண்டைக்கும் வெறுங்கையோட வந்தீங்களெண்டா கதவு திறக்கமாட்டன். சொல்லிப்போட்டன்!"

கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்த பிரபாலினி விரலை ஆட்டி எச்சரித்தாள். ஏழு மாத வயிறு. இரண்டு முறை கைநழுவிப் போன பிறகு தங்கியிருக்கும் பிள்ளை. படுக்கையை விட்டு எழும்பக் கூடாது, மனம் அதிரும்படி எதுவும் அவள் காதில் விழவும் கூடாது என்று டொக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

கேதீஸ்வரன் மீன்பிடித் தடியை உறையில் செருகியபடி சிரிக்கப் பார்த்தான்.

"மீன் என்ன என்ர மச்சானே, கூப்பிட்டவுடன வர? இண்டைக்கு உம்மோடயே இருக்கிறனே. றேத்தோ தனியப் போகட்டும்."

"ஐயோ வேண்டாம்! பகல் முழுக்க ஹோட்டல் குசினி, பின்னேரம் என்ர மூஞ்சையோ? போங்கோ. பிள்ளைத்தாச்சி கேட்டதைக் குடுக்காட்டி பிள்ளைக்குக் காதில சீழ் வடியுமாம், தெரியும்தானே?"

"ஆர் சொன்னது?"

"மாமிதான். அதுசரி, மாமி இப்ப எவடத்தில நடக்கிறாவாம்?"

அவன் குனிந்து சப்பாத்து நூலைக் கட்டத் தொடங்கினான்.

"அம்மா ஆக்கள் பாணமை தாண்டியிட்டினமாம். இனிக் காட்டுப் பாதை. போனையும் விட்டிட்டுப் போயிட்டா. கதிர்காமம் போய்ச் சேர்ந்தாப் பிறகுதான் கதைக்கலாம்."

"பாவம், இந்த வயசில அவ்வளவு தூரம்... சரி, வெளிக்கிடுங்கோ. பத்து மணிக்கு முதல் இஞ்சால வராதேங்கோ!"

சுவிசின் ரைன் ஆற்றின் மேல் கடைசி வெளிச்சமும் வடிந்துகொண்டிருந்தது. ஏரியில் கொழுத்து ஆறேறி வரும் பெரிய ஃபொறெல மீன்கள், கோடையில் இருட்டினால்தான் கரையோரம் வரும். இறகையும் நூலையும் சுற்றிக் கட்டிய பொய்ப்பூச்சியை நூல் நுனியில் முடிந்து, சாட்டை போல வீசி, பூச்சி தானாக விழுந்தது போலத் தண்ணீரில் இறக்க வேண்டும். விளக்குப் போட்டால் மீன் கலைந்துவிடும். ஹோட்டலின் தலைமைச் சமையற்காரன் றேத்தோவும் அவனும் ஐந்து வருடமாக இந்த இருட்டில் கூட்டாளிகள்.

அன்று இருவருடைய நூல்களும் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டன. வேறு வழியில்லாமல் நெற்றி விளக்கைப் போட்டுச் சிக்கெடுத்த றேத்தோ திகைத்துப்போனான்.

"கேதீஸ், உன் நூலில் பூச்சியே இல்லையே!"

"அறுந்திருக்கும்."

"அறுந்த நுனியில் இவ்வளவு வடிவான முடிச்சா? அப்படியென்றால் ஒரு மீனும் படாத இந்த மூன்று கிழமையும் வெறும் நூலையா வீசுகிறாய்? உனக்கென்ன பைத்தியமா?"

உண்மையைக் கேதீஸ்வரன் எப்படிச் சொல்வான்? அம்மா கண்ணை மூடி அன்றோடு இருபத்துமூன்று நாள். ஊரில் தம்பி கொள்ளி வைத்ததை, கட்டடத்தின் நிலவறையில், உடுப்புத் தோய்க்கும் மெசினுக்குப் பக்கத்தில் நின்று போனில் பார்த்தான். மெசினை ஓடவிட்டுத்தான் அழுதான். கதிர்காம யாத்திரை அவன் கட்டிய கதை. பிரபாலினியிடம் மூச்சு விடக் கூடாது என்று ஊரிலும் சுவிசிலும் உள்ள சொந்தங்கள் அத்தனை பேரிடமும் கெஞ்சியிருந்தான்.

சாவு விழுந்த துடக்கு வீட்டில் முப்பத்தொரு நாளும் மீன், மச்சம் புழங்கக் கூடாது. பூச்சியைக் கட்டினால் மீன் படும். அளவான மீன் பட்டால் அதைத் திரும்ப ஆற்றில் விட இந்த நாட்டுச் சட்டம் இடம் தராது. அவள் குழம்பு வைக்கச் சொல்லுவாள், அவன் சாப்பிட வேண்டி வரும். இதையெல்லாம் றேத்தோவிடம் சொன்னால், நாளைக்கே அவன் மனைவி பூங்கொத்தும் அனுதாப அட்டையுமாக வீட்டு வாசலில் வந்து நிற்பாள்.

அதற்குள் றேத்தோவின் தடி வளைந்தது. பத்து நிமிடப் போராட்டம். முழங்கை நீள மீன்.

"இந்தா, பிரபாலினிக்கு."

"வேண்டாம்."

"ஏன்?"

"வேண்டாம் என்றால் விடேன், றேத்தோ!"

மீன் பையோடு றேத்தோவின் காரில் வீடு திரும்பினார்கள்.

நனைந்த இறப்பர்க் காற்சட்டையை நிலவறையில் காயப்போட்டுவிட்டு கேதீஸ்வரன் தரைத்தளத்துக்கு ஏறி வந்தபோது, லிப்டிலிருந்து றேத்தோ இறங்கிக்கொண்டிருந்தான். கையில் மீன் பை இல்லை.

"கர்ப்பிணி கேட்டதைக் கொடுக்காமல் விடுகிற மனிதனை இப்போதுதான் பார்க்கிறேன். நானே கொடுத்துவிட்டேன்!" என்று கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனான்.

கேதீஸ்வரன் லிப்டையும் மறந்து மூன்று மாடியையும் ஓடி ஏறினான்.

கதவு திறந்திருந்தது. பிரபாலினி ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு நிலையில் சாய்ந்து நின்றாள். கண்கள் சிவந்து, முகம் அதைத்துப்போயிருந்தது. மீன் பை வாசலுக்கு வெளியே தரையில் கிடந்தது.

"ஏன் எழும்பினனீர்? போய்ப் படும் பிரபா!"

"முதல்ல இதைக் கொண்டுபோய்க் கீழ் வீட்டு ஆக்களுக்குக் குடுங்கோ."

"ஏன்... நீர்தானே மீன் குழம்பு வேணுமெண்டு..."

"முப்பத்தொண்டுக்கு இன்னும் எட்டு நாள் கிடக்கு. துடக்கு வீட்டுக்குள்ள மீன் வரலாமோ?"

அவன் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"ஆர்... ஆர் உமக்குச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. அடுத்த நாளே பேஸ்புக்கில மாமியின்ர படத்துக்கு மாலை போட்டுக் கிடந்தது. எனக்காக நீங்கள் இவ்வளவையும் நெஞ்சுக்குள்ள அடக்கிக்கொண்டு திரியேக்க, எனக்குத் தெரியுமெண்டு காட்டி உங்களை உடைக்கச் சொல்லுறீங்களோ?"

"பின்னை ஏன் ஒவ்வொரு நாளும் மீன், மீன் எண்டு என்னை ஆத்துக்குக் கலைச்சனீர்?"

"நீங்கள் பக்கத்தில இருந்தா, நான் எப்பிடியுங்கோ மாமிக்கு வாய்விட்டு அழுறது?"