தேவையில்லாத அடைப்புக்குறிகள்

"உன் மரத்துலதான் ஏதோ கோளாறு தம்பி. என் பக்கம் சுத்தமா இருக்கு" என்றாள் அக்கா.

உடன்பிறந்தவள் அல்ல, மாலை வகுப்பில் பக்கத்து நாற்காலிக்காரி. இருவரும் சேர்ந்து, புரோகிராமில் தப்புப் பார்த்துக் கணினியின் மொழிக்கு மாற்றித் தரும் ஒரு கம்பைலர் எழுதினார்கள். அவன் பாதி, புரோகிராமைப் படித்து மரம்போல் கிளை பிரித்துக் கொடுக்கும். அவள் பாதி அதை வாங்கி, சொன்னதில் அர்த்தம் இருக்கிறதா என்று பார்க்கும். எதையெதைக் கைமாற்றுவது என்பதில்தான் இழுபறி.

"இதைச் சோதிச்சுட்டு வாங்க" என்று ஆசிரியர் கொடுத்த புரோகிராமை மறுபடி ஓட்டினார்கள். 'மொத்தம் என்றால் எது? தெரியாது' என்று திரை கைவிரித்தது.

"மேலேயே 'மொத்தம்' இருக்கேக்கா. குத்துக்கல்லாட்டம் நிக்குது."

"அது அடைப்புக்குறிக்குள்ள இருக்குப்பா. குறிக்கு வெளியே அது செல்லாதுங்கறதுதானே விதி, குறி முடிஞ்சதும் என் பாதி அதை மறந்துடும்."

"சார் குடுத்த புரோகிராமையே உங்க பாதி ஒத்துக்கலைன்னா எப்படிக்கா?"

"அதான் எனக்கும் புரியலை. நாளைக்கு ஃபெயிலானா இன்னொரு வருஷம் இதே நாற்காலிதான். எங்க வீட்டுக்காரர் கரண்டியைப் போட்டுட்டு ஓடியே போயிடுவாரு."

அவன், எங்கே எது கெட்டாலும் முதலில் தன்னைத்தான் சந்தேகிப்பான். தன் வரிகளை ஒவ்வொன்றாகத் துழாவினான்.

"அக்கா, தப்பு என்னோடதுதான். குறி எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னு உங்களுக்கு எதுக்கு அனுப்பறேன்? அது வெறும் வேலிதானே. இனிமே அனுப்பலை."

"அனுப்பலைன்னா என் பாதி எதையும் மறக்காது."

"அதான் வேணும்."

அந்த வரிகளை அழித்துவிட்டு ஓட்டினான். ஒரு புகாரும் வரவில்லை. அக்கா அவன் முதுகில் ஒன்று வைத்தாள். "பொழைச்சோம்டா."

மறுநாள் ஆசிரியர் அதே புரோகிராமை ஓட்டினார். வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி திரையைப் பார்த்தார்.

"நேத்து உங்க பின்னாடி வந்து நின்னேன். 'மொத்தம் தெரியாது'ன்னு வந்துச்சே?"

"சரி பண்ணிட்டோம் சார்" என்றாள் அக்கா, பெருமையாக.

ஆசிரியர் மதிப்பெண் போட எடுத்த பேனாவை மூடினார்.

"புரோகிராம்ல அந்தத் தப்பை வேணும்னே வெச்சது நான்தாம்மா. இந்த கிளாஸ்ல அதைப் பிடிச்சது உங்க கம்பைலர் ஒண்ணுதான், நேத்து வரைக்கும்."