பங்களாவின் முன்வாசல்

ஓடிவந்த மீனம்மா, தேயிலைத் தோட்டத்து மேனேஜரான துரையின் பங்களா முன்னால் சட்டென்று நின்றாள். மழை கொட்டிக்கொண்டிருந்தது.

பின்னால் வந்த மகள் ஜீவராணிக்கு மூச்சு வாங்கியது. அம்மா வழக்கம்போல ரோஜாப் பாத்திகளைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் குசினிக் கதவுக்குப் போவாள் என்றுதான் அவள் நினைத்தாள். லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற தொழிலாளிகளுக்கு அதுதான் வழி.

அந்தக் குசினியில் மீனம்மா இருபது வருஷத்துக்கு மேல் சமைத்துப் பாத்திரம் கழுவி வேலை பார்த்தவள். முன்படிகளைத் தேய்த்துக் கழுவியிருக்கிறாள். அவற்றில் ஏறி ஒருநாளும் உள்ளே போனதில்லை.

கீழே, லயத்தில், அவர்களுக்குப் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் நிலக்ஷி பிரசவ வலியில் துடித்துக்கொண்டிருந்தாள். தலைப்பிள்ளை. நாள் இன்னும் இருந்தது. புருஷன் கொழும்பில். ஆம்புலன்ஸ் நோர்வூட் வரைக்கும் வந்துவிட்டது. அதற்கு மேல் ரோட்டில் மண் சரிந்து கிடந்தது.

தேயிலை மலைக்குள்ளால் போகிற தோட்டத்துப் பாதையில் இந்த மழைக்கு ஓடக்கூடியது துரையின் ஜீப் ஒன்றுதான். போன் எடுத்தால் லைன் கிடைக்கவில்லை.

மீனம்மா படிகளைப் பார்த்தபடி நின்றாள்.

ஜீவராணிக்கு 2022ஆம் ஆண்டின் அந்த ஜூலை மாதம் நினைவுக்கு வந்தது.

அப்போது அவள் கொழும்பில் ஒரு புடவைக் கடையில் இருந்தாள். கேஸ் இல்லை, பெட்ரோல் இல்லை, பால்மா இல்லை. நாடே ரோட்டுக்கு வந்திருந்தது. கூட வேலை செய்த சிங்களப் பிள்ளை ஒருத்தி, வா என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். கண்ணீர்ப் புகைக்குள்ளால் கூட்டம் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தது. சிலர் கட்டிலில் உருண்டார்கள். சிலர் நீச்சல் குளத்தில் குதித்தார்கள். ஜீவராணி ஒரு நாற்காலியில் உட்கார்ந்து அம்மாவுக்குப் போன் போட்டாள்.

“அம்மா, நா ஜனாதிபதி வீட்டுக்குள்ள இருக்கேன்!”

அம்மா பயந்து திட்டுவாள் என்று நினைத்தாள். அம்மா கேட்டது வேறு.

“எந்தப் பக்கமா உள்ள போன?”

“முன்வாசல் வழியாத்தாம்மா. எல்லாரும் அப்பிடித்தான் போனாங்க.”

“நம்மள மாதிரி ஆளுங்களுமா?”

“நம்மள மாதிரி ஆளுங்கதாம்மா.”

அதோடு லைன் வெட்டுப்பட்டது.

அதற்குப் பிறகு ஜனாதிபதி போனார், வேறு ஜனாதிபதிகள் வந்தார்கள். பெட்ரோல் கியூக்கள் கலைந்தன. கடை மூடப்பட்டு ஜீவராணி தோட்டத்துக்கே திரும்பிவிட்டாள். லயத்துக் கூரைத் தகரம் அப்படியே ஒழுகியது. அந்தப் போராட்டத்தால் என்ன கிடைத்தது என்று யாராவது கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

மீனம்மா படியில் கால் வைத்தாள்.

சேற்றுச் செருப்போடு ஏறினாள். பளபளவென்று மினுக்கியிருந்த சிவப்புத் தரையில் அவள் கால்தடம் ஒவ்வொன்றாக விழுந்தது. இரண்டு கைகளாலும் கதவில் அடித்தாள்.

“தொரை! தொரை!”

கதவு திறந்தது. துரை இளம் வயதுக்காரர், இந்தத் தோட்டத்துக்குப் புதியவர். மீனம்மாவின் முகத்தைப் பார்த்தார். தரையைப் பார்த்தார்.

“ஜீப்ப எடுங்க தொரை. லயத்துல ஒரு புள்ள பிரசவ வலியில கெடக்கு. இப்பவே போவணும்.”

கைகட்டி நிற்காமல் அம்மா ஒரு துரையிடம் பேசியதை ஜீவராணி அன்றுதான் பார்த்தாள்.

துரை உடனே சாவியை எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு மழையில் இறங்கினார்.

ஆஸ்பத்திரியில் நிலக்ஷிக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். நல்ல நேரத்துக்குக் கொண்டுவந்தீர்கள் என்று நர்ஸ் வெளியே வந்து சொல்லிவிட்டுப் போனாள்.

வார்டுக்கு வெளியே வாங்குப் பலகையில் மீனம்மா உட்கார்ந்திருந்தாள். சேலையிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டியது. ஜீவராணி தன் துப்பட்டாவால் அம்மாவின் தலையைத் துவட்டினாள். பிறகு கைகளைத் துடைக்க எடுத்தாள். கதவில் அடித்து அடித்து இரண்டு உள்ளங்கைகளும் சிவந்துபோயிருந்தன. அவற்றைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

“முன்வாசல்லயே ஏறிட்டீங்களேம்மா,” என்றாள் சிரித்துக்கொண்டே.

மீனம்மா சிரிக்கவில்லை.

“ஒங்கப்பாவுக்கு நெஞ்சு வலி வந்த அன்னைக்கும் நாந்தான் பங்களாவுக்கு ஓடுனேன்.”

அப்பா இறந்தபோது ஜீவராணி சின்னப் பிள்ளை. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் உயிர் பிரிந்துவிட்டது என்று மட்டும்தான் அவளுக்குத் தெரியும். அதற்கு மேல் அம்மா ஒருநாளும் பேசியதில்லை.

“குசினிக் கதவு பூட்டியிருந்துச்சு,” என்றாள் மீனம்மா. “தட்டிக்கிட்டே நின்னேன். ரொம்ப நேரம் நின்னேன்.”

தன் கைகளைப் பார்த்தபடி சொன்னாள்:

“முன்பக்கத்துல அப்ப இருந்த தொரையோட ரேடியோ பாடுறது எனக்கு நல்லாக் கேட்டுச்சு ஜீவா.”