நிச்சயதார்த்தப் படம்

திண்டிவனத்தில் ஒரு ஸ்டுடியோவில் ஆர்த்தி போட்டோ எடிட்டிங் கற்றுக்கொண்டிருந்தாள். டோன், கான்ட்ராஸ்ட் எல்லாம் ஓரளவு கைக்கு வந்துவிட்டது. அன்று திரையில் இருந்தது அவளுடைய நிச்சயதார்த்தப் படம். விழுப்புரத்திலிருந்து வந்த வருங்கால மாமியார் பக்கத்தில் நின்றார்.

“பேனர்ல போடணும். உன் மூஞ்சிய நல்லா வெளுப்பாக்கு. என் புள்ள பக்கத்துல கருப்பா தெரியற.”

ஆர்த்திக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தன் முகத்தை மட்டும் தேர்வு செய்து வெளிச்சத்தைக் கூட்டினாள். படத்தில் அவள் முகம் மாறவில்லை. அதில் பக்கத்தில் நின்ற மாப்பிள்ளை பூவரசனின் முகம் வெளுத்தது.

“இன்னா பண்ற? உன்னுதுல ஏத்து!”

“என்னுதுலதாங்க ஏத்திக்கினு இருக்கேன்.”

“இன்னும் ஏத்து!”

பல்லைக் கடித்துக்கொண்டு கடைசிவரை ஏற்றினாள். பூவரசனின் கண்ணும் மூக்கும் மறைந்தன. பிறகு கைகள், சட்டை. கழுத்து இருந்த இடத்தில் மாலை மட்டும் தொங்கியது. படத்தில் ஆர்த்தி அதே நிறத்தோடு சிரித்துக்கொண்டிருந்தாள்.

“பழையபடி மாத்துடி!”

“நீங்க சொன்னததான் செஞ்சேன்” என்று ஆர்த்தி படத்தைச் சேமித்தாள்.

மாமியார் வாசலில் காரில் காத்திருந்த மகனுக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தார். டிரைவர் சீட்டில் போன் அடித்துக்கொண்டிருந்தது. சீட் பெல்ட் மாட்டியபடியே இருந்தது.