ஒவ்வொரு கிராமும் எதிரி

மலைப்பாதையில் ஒரு வாரம் சைக்கிள் ஓட்டுவதென்றால் எடையில் ஒவ்வொரு கிராமும் எதிரி என்பது கணக்காளரின் கொள்கை. பல் பிரஷின் கைப்பிடியைப் பாதியாக வெட்டினார். சட்டைக் காலரின் லேபிளைக்கூடக் கத்தரித்தார்.

"அப்படியே தொப்பையையும் கத்தரிச்சிடுங்க, பாரம் நல்லாக் குறையும்," என்றாள் மனைவி.

இரண்டாம் நாள், ஆளரவமே இல்லாத கல் ஏற்றத்தில் அவருடைய டயர் உயிரை விட்டது.

"மச்சான், பஞ்சர் சாமானை எடு."

"நீங்க கொண்டு வருவீங்கன்னு நான் எடுக்கல மாமா," என்றான் கூட வந்த மனைவியின் தம்பி.

"நானும் உன்னை நம்பித்தான்டா விட்டுட்டு வந்தேன்!"

மனைவிக்குப் போன் போட்டார்.

"உங்க லட்சணம் தெரிஞ்சுதான் பம்பு, பசை எல்லாத்தையும் துண்டுல சுத்தி உங்க பை அடியில வெச்சேனே!"

கணக்காளரின் முகம் வெளிறியது. ஏதோ தின்பண்டம் என்று நினைத்து, அந்தப் பொட்டலத்தைப் பிரிக்காமலேயே அன்று காலை லாட்ஜில் மச்சானின் பைக்குள் நைசாகத் தள்ளியிருந்தார்.

"மச்சான்... உன் பைல ஒரு பொட்டலம் இருக்கும், பாரேன்."

"நீங்க திணிச்சதைப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன் மாமா. அந்தப் பக்கம் நீங்க திரும்பினதும் கட்டிலுக்கு அடியில உருட்டி விட்டுட்டேன். ஒவ்வொரு கிராமும் எதிரியாச்சே!"

கணக்காளர் காற்றுப்போன டயரை ஒரு முறை அழுத்திப் பார்த்தார்.

"விடுங்க மாமா, சைக்கிள் வெறும் பதினஞ்சு கிலோதான். தோள்ல தூக்கிக்கங்க."