நெடி

சமையலறைத் தரையில் மகளை மடியில் கிடத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் அவள். இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பத்து வருட வேலை. இன்று காலை மகளுடைய இரத்தத்தையே கண்ணாடித் தகட்டில் தடவி, நுண்ணோக்கியில் மூன்று முறை பார்த்தாள். மூன்று முறையும் அதே பெரிய செல்கள். புற்றுநோய் வந்த பிள்ளைகளின் இரத்தத்தில் மட்டும் அவள் பார்த்திருப்பவை. இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. நாத்தனார் உப்பையும் காய்ந்த மிளகாயையும் கைக்குள் மூடிக் குழந்தையைச் சுற்றுகிறாள். "மாடி வீட்டுக்காரி கண்ணு, பால்காரன் கண்ணு, ஓயாம கொஞ்சுறாளே இந்த அத்தைக்காரி, அவ கண்ணும் ஒழியட்டும். எங்க, துப்புடா செல்லம்." மகள் தெம்பில்லாமல் உதட்டை மட்டும் குவிக்கிறாள். விழாமலே வந்த நீலத் திட்டுகள் அவள் முழங்காலில்.

காய்ந்த வாணலியில் மிளகாய் படபடவென்று வெடிக்கிறது. ஜன்னல் வெயிலில் புகை சுருண்டு எழுகிறது. நெடி அடிக்காவிட்டால் கண்ணேறுதான், இதோடு கழிந்துவிடும். அடித்தால் வேறு ஏதோ. இதையெல்லாம் கேலி செய்தே வளர்ந்தவள், இன்று அதை நம்பத் துடிக்கிறாள். தொண்டை எரிகிறது. பல்லைக் கடித்து இருமலை விழுங்குகிறாள்.

"நெடி வருதா?"

"இல்ல அண்ணி."

"எனக்கும் இல்ல. நான் அப்பவே சொல்லல?" என்கிற நாத்தனார், கரகரத்த குரலோடு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொள்கிறாள்.

மடியில் மகள் இருமத் தொடங்குகிறாள்.

"நெடி அடிக்குதும்மா."