எழும்பாத மனுசன்

"இடத்தைக் குடுத்தால் மடத்தைப் புடுங்கிற கதையாப் போச்சம்மா," என்று சொல்லிக்கொண்டே கிருபன் வாசலில் சப்பாத்தைக் கழற்றினான்.

கோபம் வராமல் என்ன செய்யும்? அம்மா இருக்கிற வெக்ஸ்போர்ட் வீட்டுக்கு நல்ல விலை வந்திருக்கிறது. ஏஜன்ட் ஜெயரட்ணம் வாங்குகிற ஆளையும் பிடித்து வைத்திருக்கிறார். கீழே பேஸ்மென்றில் வாடகைக்கு இருக்கிற ஜவ்ஃபர் வீட்டை விட்டு எழும்பிவிட்டால் அலுவல் முடிந்தது. மனிதரோ எழும்பமாட்டேன் என்று ஒரே பிடியாக நிற்கிறார்.

கிருபன் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் வந்தவர். அப்பா சண்முகநாதன் வாய்ப் பேச்சிலேயே கொடுத்த இடம். "எங்கட ஊராக்களுக்குள்ள என்ன கையெழுத்து?" என்று பெருமையாகச் சொன்ன அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது கிடந்து இழுபடுவது மகன்.

"லோயர் என்னவாம்?" என்று கேட்டார் அம்மா புனிதவதி, மகனின் முகத்தைப் பார்க்காமல் தேத்தண்ணியை ஆற்றியபடி.

"எழுத்தில ஒண்டும் இல்லாட்டியும் குடியிருக்கிறவருக்கு உரிமை இருக்காம். விசாரணை எண்டு போனா மாசக்கணக்கில இழுக்குமாம். அதுக்குள்ள வாங்கிற ஆள் ஓடிப்போயிடும். நீங்கள் ஒருக்காச் சொல்லிப் பாருங்கோவன் அம்மா. அக்கா, அக்கா எண்டு உங்களில நல்ல மரியாதைதானே."

"நான் என்னெண்டு சொல்லுறது? அவர்தான் மாட்டன் எண்டு நிக்கிறாரே."

"உங்கட மருமகள் நிரூபா எங்கட மாடி வீட்டில உங்கட அறைக்குப் பெயின்ற் எல்லாம் அடிச்சு வச்சிருக்கிறாள். நீங்கள் எப்ப வருவீங்கள் எண்டு ஒவ்வொரு நாளும் கேக்கிறாள்."

"அவள் நல்ல பிள்ளையடா," என்ற புனிதவதி, இடியப்பத்தையும் சொதியையும் அடுக்குச் சட்டியில் வைத்து மூடினார்.

"உது ஆருக்கு?"

"கீழ குடுக்க."

"அந்த மனுசனுக்கோ? உங்களை இப்பிடி அலைக்கழிக்கிற ஆளுக்கு இடியப்பம் ஒரு கேடோ?"

"வழக்கு வேற, வயிறு வேற. விடு."

கிருபனுக்குப் பொறுக்கவில்லை. அடுக்குச் சட்டியைப் பறித்தான். "தாங்கோ, நானே கொண்டுபோறன். இண்டைக்கு ரெண்டில ஒண்டு பாத்திட்டுத்தான் வருவன்."

"நில்லடா, நான் போறன். டேய், கிருபன்..."

அதற்குள் அவன் படியிறங்கிவிட்டான்.

கீழே லைற் எரிந்தது. வழமைபோலச் சொகுசாக இருக்கிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு தட்டினான். கதவைத் திறந்த ஜவ்ஃபர், குளிர் ஜக்கெற்றும் தொப்பியுமாக நின்றார். கிருபன் அவரை விலக்கிக்கொண்டு உள்ளே போனான்.

போனவன் அப்படியே நின்றுவிட்டான். கட்டில் இல்லை, சோபா இல்லை, ரீவி இல்லை. ஒரு கதிரையும் கேத்திலும் சுருட்டி வைத்த தொழுகைப் பாயும் மட்டும் இருந்தன.

"சாமானெல்லாம் எங்கை அங்கிள்?"

"மில்லிக்கனில. மகள் ரிஸ்மியாட வீட்டை."

"எப்ப போனனீங்கள்?"

"ஸ்னோ கொட்டத் தொடங்க முதலே போயிட்டன் தம்பி."

"அப்ப இந்த லைற்?"

"ஆள் இருக்கிறமாதிரித் தெரியோணுமெண்டு பின்னேரத்தில வந்து போடுவன். அக்கா படுத்தாப்பிறகு நூத்திட்டுப் போவன். பஸ் இருக்குத்தானே."

"போயாச்செண்டா, போகமாட்டன் எண்டு ஏன் என்னோட சண்டை பிடிச்சனீங்கள்? நான் காணிற ஆக்களிட்டையெல்லாம் உங்களைத் திட்டிக்கொண்டு திரியிறன்."

ஜவ்ஃபர் கதிரையை இழுத்து அவனை இருத்தினார்.

"அக்கா என்னட்டைக் கேட்டது அது ஒண்டுதான் தம்பி. 'பிள்ளை ஆசையாக் கூப்பிடுறான். மாட்டன் எண்டு என்ர வாயால சொல்ல ஏலாது. எனக்காக நீங்கள் மாட்டன் எண்டு சொல்லுவீங்களோ?' எண்டு அழுதவ."

"எங்களோட இருக்க அம்மாவுக்கு விருப்பமில்லையாமோ?" என்று கேட்டான் கிருபன்.

"உங்களில ஒரு குறையும் இல்லை. ஆனா நீங்கள் ரெண்டு பேரும் வேலைக்குப் போனாப்பிறகு, அந்த முகில் முட்டுற மாடியில அவ தனிய என்ன செய்வா? இஞ்சையெண்டா கடைக்கு நடந்து போவா. பக்கத்து வீட்டு நடாஷாவோட வேலிக்கரையில நிண்டு கதைப்பா. அவவின்ர பாஷை இவவுக்குத் தெரியாது, இவவின்ர பாஷை அவவுக்குத் தெரியாது. ஆனாக் கதை முடியாது. அப்பா கடைசியாக் கண்ணை மூடின அறையும் மேலதானே இருக்கு."

கிருபன் தலையைக் குனிந்துகொண்டான். விலை கேட்டான், லோயரிடம் கேட்டான், ஊரெல்லாம் கேட்டான். அம்மாவிடம் மட்டும் கேட்கவில்லை.

"உங்களுக்குத்தானே அங்கிள் கெட்ட பேர்."

"ஒரு கடுதாசியும் கேக்காமல் திறப்பைக் கையில தந்த மனுசன்ர வீடு. அவற்ற மனுசிக்காக ஒரு பேர் கெட்டாக் கெடட்டும்."

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. ஜெயரட்ணம்தான்.

"தம்பி, முடிவா ஒண்டு சொல்லும். வாங்கிற ஆக்கள் அந்தரப்படுத்தினம். உங்கட ரெனன்ட் எழும்புறாரோ, இல்லையோ?"

கிருபன் நிமிர்ந்து பார்த்தான். பாதிப் படியில், களவு பிடிபட்ட பிள்ளைபோலப் புனிதவதி நின்றுகொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது.

அவன் வெறும் அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தான். அடுக்குச் சட்டியை ஜவ்ஃபரின் கையில் கொடுத்தான்.

"எங்கை அண்ணை," என்றான் போனில், "மனுசன் அசையவே மாட்டாராம்."