துணிக்காரி கைருன்

“இன்னா கைருனு இது? அழுவுற எடத்துல கடைய விரிக்கிற?”

ஆரோக்கியமேரி அதட்டியதும் கொட்டகையில் விசும்பல்கூட நின்றுபோனது.

எண்பத்து நாலாம் வருஷப் புயலில் கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் மனைவிகள் அவர்கள். பழவேற்காட்டில் நிவாரணத்துக்காகப் போட்ட அந்தக் கொட்டகையில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூடுவார்கள். மனசில் இருப்பதைச் சொல்லி அழுவார்கள். எல்லோரையும் சேர்த்து வைத்தவள் ஆரோக்கியமேரி. அவள் புருஷனும் திரும்பவில்லை.

அன்று திரௌபதி பேசிக்கொண்டிருந்தாள். பிள்ளை குட்டி இல்லாதவள்.

“அவரு கயட்டிப் போட்ட சட்டைய இன்னும் நான் தோய்க்கலக்கா. எட்டு மாசமாச்சு…”

அந்த நேரம் பார்த்துத்தான் கைருன் பீவி மூட்டையை அவிழ்த்தாள்.

“ரவிக்கைத் துணி வந்திருக்குது. கலர் வேணாம்னா வெள்ளையும் இருக்கு. திரௌபதி, உன் வூடு எந்தப் பக்கம்? நானே கொண்டாந்து காட்டறேன்.”

பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த ரோசி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆரோக்கியமேரிக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

“உன் புருஷன் மீரானும்தானே போனான்? உனக்கே தெரிய வேணாமா? எங்க கண்ணீர வச்சு வியாபாரம் பண்றியே! இனிமே இங்க வராத.”

கைருன் மூட்டையைக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறு திரௌபதி வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

திங்கட்கிழமை காலையில் ஆரோக்கியமேரி அவள் வீட்டுக்கே போனாள். கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது.

“திரௌபதி, நான்தான். கொஞ்ச நேரம் பேசிட்டுப் போறேன்.”

“நல்லாத்தான் இருக்கேன். போங்கக்கா.”

“கதவத் தொறம்மா.”

“யாரும் எனக்கு ஆறுதல் சொல்ல வேணாம். போங்க!”

எவ்வளவு கூப்பிட்டும் அதற்குமேல் குரல் இல்லை. ஆரோக்கியமேரி கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். தெருமுனையில் கைருன் மூட்டையோடு வந்துகொண்டிருந்தாள்.

‘இங்கயுமா?’ என்று ஆரோக்கியமேரி வேலியோரம் நின்று பார்த்தாள்.

“திரௌபதி! துணிக்காரி வந்திருக்கேன்!”

“இன்னிக்கு வேணாம்.”

“நீ வாங்க வேணாம். வெயில்ல தல சுத்துது. மூட்டைய எறக்கி வைக்க ஒரு கை குடு.”

சற்று நேரம் கழித்துத் தாழ் விலகியது.

ஆரோக்கியமேரி மெல்ல நடந்து வாசலுக்கு வந்தாள். உள்ளே அடுப்பு பல நாளாக எரியாததுபோல் கிடந்தது. திரௌபதி எலும்பும் தோலுமாகச் சுவரில் சாய்ந்திருந்தாள். கைருன் மூட்டையை அவிழ்த்தாள். மேலே இரண்டே துண்டுத் துணி. அடியில் கஞ்சித் தூக்கு, ஒரு சீப்பு, எண்ணெய்ப் புட்டி.

இரண்டு வாய் கஞ்சி ஊட்டினாள். பிறகு பின்னால் உட்கார்ந்து சிக்குப் பிடித்த தலையை வாரினாள். ஆறுதலாக ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. ரவிக்கைக்கு எந்தக் கை வைத்தால் நன்றாக இருக்கும் என்று மட்டும் பேசிக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்தவளை ஆரோக்கியமேரி கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“அன்னிக்கே சொல்லியிருக்கலாமே, கைருனு. இதுக்குத்தான்னு தெரியாம வாயில வந்தத பேசிட்டேன். ஆனா, சும்மாவே போய்ப் பாக்கலாமே. துணி விக்க வந்த மாதிரி எதுக்கு?”

கைருன் தலையைக் குனிந்துகொண்டாள்.

“எந் தங்கச்சி ராபியா புருஷனும் அதே புயல்லதான் போனான். ரெண்டு நாள் அவ வூட்டு வாசல்ல நின்னு ஆறுதல் சொன்னேன்க்கா. தொறக்கவே இல்ல. மூணாம் நாள் ஆளுங்கதான் கதவ ஒடைச்சாங்க.”